ஆமா விழாத அடி

கேட்க அமர்ந்திருக்கும் பெரியோரே, பெரியோர் மடியில் இடம்பிடித்திருக்கும் சிறியோரே! மலைகள் இன்று நிற்கும் இடத்திலேயே அன்றும் நின்றன. ஆறுகள்தாம் வேறு வழியில் ஓடின. அத்தனை பழைய காலத்தில், தெற்கே தென்னவராயன் என்றோர் அரசன் இருந்தான்.

அவன் நல்லவன், ஆனால் அவனுக்கு ஓர் அச்சம் இருந்தது. பக்கத்து நாட்டில் ஒருமுறை பஞ்சம் வந்து மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பிறகு மழை திரும்பி வந்தது. மக்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய பாட்டுகள் திரும்பி வரவில்லை. வயலில் இறங்கியவர்கள் வாய் திறவாமல் கதிர் அறுத்ததைத் தென்னவராயன் தன் கண்ணால் கண்டான். "என் நாட்டுக்கு இந்த நிலை வரக் கூடாது" என்று அன்றே முடிவு செய்தான். தலைநகரில் கலைமண்டபம் ஒன்றைக் கட்டுவித்தான். கூத்தும் ஆட்டமும் பாட்டும் அங்கே கற்பிக்கப்பட வேண்டும் என்று ஊர்தோறும் ஆள் அனுப்பினான்.

அவர்களில் ஒருவர் வெண்கரைக்குளம் என்னும் ஊருக்கு வந்து, உலகம்மையின் வீட்டைக் கேட்டார்.

உலகம்மை வில்லுப்பாட்டுக்காரி. மணிகள் கட்டிய நீண்ட வில்லை முன்னே வைத்து, இரு கோல்களால் நாணைத் தட்டி அவள் பாடுவாள். வில்லைத் தாங்கும் மண்குடத்தின் பின்னே அவளுடைய தம்பி மாசானம் இருப்பான். அவள் ஓர் அடி பாடுவாள். அவன் குடத்தைத் தட்டி, "ஆமா!" என்பான். அதற்குப் பிறகே அடுத்த அடி பிறக்கும்.

அந்த ஊரில் ஒரு மரபு இருந்தது. பாடுபவர் தவறினால், குடத்தின் பின்னே இருப்பவர் ஆமா போட மாட்டார். "அப்படியா?" என்று கேட்பார். கேட்டதும் பாடுபவர் நிறுத்த வேண்டும். நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். திருத்திப் பாட வேண்டும். ஆமா விழாத அடி பாட்டில் சேராது. அப்படிக் கேட்கும் உரிமை குடத்தருகே இருப்பவர் ஒருவருக்கே உண்டு. கூட்டத்தில் இருக்கும் எல்லாரும் கேட்கலாம் என்றால் எந்தப் பாட்டும் விடிவதற்குள் முடியாது அல்லவா?

மாசானம் இந்த உரிமையைச் சிறிதும் வீணாக்கியதில்லை. அக்காள் என்றும் பார்க்க மாட்டான். "அப்படியா?" என்று அவன் இழுத்துக் கேட்டால் கூட்டம் சிரிக்கும், உலகம்மைக்குக் காது சிவக்கும். வீட்டுக்கு வந்ததும், "ஏலே, நாலு பேர் முன்னால என்னை இப்படித்தான் கேப்பியா?" என்பாள். "நாலு பேர் இல்லாத இடத்துல நீ தப்பாப் பாடினா யாருக்குக்கா நஷ்டம்?" என்பான் அவன்.

அவர்கள் பாடிய பாட்டுகளுள் தலையாயது குளத்துப் பாட்டு. மழை பெய்து குளம் நிறையும் நாளில், ஊரார் கரைமேல் கூடுவார்கள். குளத்தை உண்டாக்கிய முன்னோர் மூவரின் பெயரைச் சொல்லி உலகம்மை பாடுவாள்:

"கரைபோட்ட வெயிலுவந்தான் கையைக் கும்பிட்டோம்;
மதகுவைத்த பலவேசம் தோளைக் கும்பிட்டோம்;
கஞ்சிகொண்ட சடைச்சியவள் காலைக் கும்பிட்டோம்."

வெயிலுவந்தான் மண்ணைக் குவித்தான். பலவேசம் கல்லைத் தூக்கினான். சடைச்சியோ மண்ணும் குவிக்கவில்லை, கல்லும் தூக்கவில்லை. கரை முடியும்வரை வேலையாட்களுக்குத் தலையில் கஞ்சி சுமந்து முள்ளிலும் வெயிலிலும் நடந்தாள். ஆகவே ஊர் அவள் காலைக் கும்பிட்டது. அந்த மூவரின் வழிவந்தவர்கள் கரைமேல் முன்வரிசையில் இருப்பார்கள். தங்கள் முன்னோரின் பெயர் வரும்போது அவர்களும் சேர்ந்து ஆமா போடுவார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகவே மலைக்கு அப்பாலிருந்து நடந்து வந்தவர்களும் உண்டு.

அரசனின் அழைப்பைக் கேட்ட உலகம்மை உருகிப்போனாள். "ஒரு குளக்கரையில் கிடந்த பாட்டு நாடு முழுக்கப் போகப் போகுதே! அந்த மகராசன் நல்லா இருக்கணும்" என்று மேற்கு நோக்கிக் கும்பிட்டாள். தலைநகர் அந்தத் திசையில் இல்லை என்று மாசானம் திருத்தினான். இருவரும் வில்லையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

கலைமண்டபத்தில் முதல்நாள் அரசன் அமர்ந்திருந்தான், அமைச்சர் அமர்ந்திருந்தார், அவைப்பெரியோர் அனைவரும் அமர்ந்திருந்தனர். இத்தனை பட்டும் பொன்னும் ஒருசேர உலகம்மை கண்டதில்லை. வணக்கப் பாடலிலேயே அவள் நாக்கு ஒருமுறை இடறிற்று.

"அப்படியா?" என்றான் மாசானம்.

மண்டபம் திடுக்கிட்டது. அமைச்சர் எழுந்தார். "இந்த அவையில் அரசர் முன்னிலையில் அப்படியொரு சொல் இதுவரை ஒலித்ததில்லை. இனியும் ஒலிக்கலாகாது. ஆமா போடத்தானே ஆள் வேண்டும்? இங்கே எத்தனையோ பேர் இருக்கிறோம்" என்றார். பாட்டு தொடரட்டும் என்று அரசன் கையசைத்தான். அவன் பாட்டைத்தான் கேட்க விரும்பினான்.

மறுநாளே மாசானத்துக்குப் பட்டு போர்த்தி, மரியாதையோடு ஊருக்கு வழி காட்டினார்கள். தம்பியை நிறுத்திக்கொள்ள உலகம்மை வாய் திறந்திருக்கலாம். மாணவர்களின் முகங்களைப் பார்த்தாள், பாட்டு நாடெங்கும் போக வேண்டுமே என்று நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் மாசானம் சொன்னான்: "நான் வாரேன்க்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். ஆமா போடுதவன் எல்லாம் உன் பாட்டைக் கேக்குதான்னு நினைச்சுராத." பிறகு தோளில் கிடந்த பட்டைத் தொட்டுப் பார்த்து, "இதைக் கட்டிக்கிட்டுப் போனா ஊர் நாய் எல்லாம் குரைக்குமே" என்று சிரித்துக்கொண்டே போனான்.

உலகம்மை கற்பிக்கத் தொடங்கினாள். நயினான் என்பவன் மாணவர்களில் முதல்வன். குரலும் கருத்தும் உடையவன். மாலைதோறும் அவைப்பெரியோர் வந்து, குடத்தைச் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். அவள் ஓர் அடி பாடுவாள். அவர்கள் ஒரே குரலில், "ஆமா!" என்பார்கள்.

ஒருநாள் அவள் கவனம் பிசகி, கரைபோட்டவன் பலவேசம் என்றும் மதகு வைத்தவன் வெயிலுவந்தான் என்றும் மாற்றிப் பாடிவிட்டாள். பாடிய கணமே நெஞ்சு துணுக்குற்றது. குடத்தின் பக்கம் திரும்பினாள். "ஆமா!" என்றார்கள். அவள் திருத்திப் பாடினாள். அதற்கும், "ஆமா!" என்றார்கள்.

இன்னொரு நாள் தொண்டை வறண்டது. அமைச்சர் கொட்டாவி விட்டார். ஒருவேளை, கஞ்சிக்காரியின் காலைக் கும்பிடுவது இந்தப் பொன்மண்டபத்துக்குப் பொருந்தவில்லையோ என்றும் அவளுக்குத் தோன்றிற்று. சடைச்சியின் அடியை விட்டுவிட்டுப் பாட்டை முடித்தாள். "ஆமா!" என்றார்கள். இந்தமுறை நெஞ்சு துணுக்குறவில்லை. பிறகு அந்த அடியை எடுக்க அவள் மறந்துபோனாள்.

வேறொரு நாள் அரசன் தானே வந்து, மாணவர்களுக்குப் பழம் கொடுத்து, அவர்களோடு தரையில் அமர்ந்து பாட்டைக் கேட்டான். உலகம்மையின் உள்ளம் நன்றியால் நிரம்பிற்று. இத்தனை செய்தவருக்கு நாம் என்ன செய்வோம் என்று எண்ணினாள். மூன்றாம் அடி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவ்விடத்தில் அவள் பாடினாள்:

"குளம்தந்த தென்னவராயர் முடியைக் கும்பிட்டோம்."

"ஆமா! ஆமா! ஆமா!" என்று மண்டபம் அதிர்ந்தது. அரசன் கூச்சத்தோடு தலை குனிந்தான். பழைய பாட்டில் தன் பெயர் எப்படி வந்தது என்று கேட்க நினைத்தான். சுற்றிலும் எழுந்த ஒலியில் கேட்க மறந்தான். நயினானும் மற்ற மாணவரும் அந்த அடியை அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டார்கள். நன்றி சொல்லத்தான் அவள் பாடினாள். ஆனால் ஒருத்தியின் இடத்தை எடுத்து இன்னொருவருக்கு நன்றி சொன்னாள்.

மழைக்காலம் வந்தது. வெண்கரைக்குளம் நிறைந்தது. கலைமண்டபத்து மாணவர்கள் முதன்முதலாகக் குளக்கரையிலே பாடுவார்கள் என்று முரசறைந்தார்கள். அமைச்சர் ஒரு படி மேலே போனார்: "ஊரார் ஆமா என்று ஏற்றுக்கொண்டதும், இந்தப் பாட்டைக் கல்லிலே வெட்டிவிடுவோம். கல்லில் உள்ளபடியே இனி எல்லாரும் பாட வேண்டும். அப்போது எந்தப் பஞ்சமும் இதை அழிக்க முடியாது." நல்ல யோசனை என்று அரசன் மகிழ்ந்தான். கரைமேல் பெரிய கல் நடப்பட்டது. கல்தச்சன் உளியோடும் சுத்தியோடும் அதன் அருகே அமர்ந்தான்.

ஊரார் கூடினர். வெயிலுவந்தானின் வழிவந்தவர்கள் முன்வரிசையில் இருந்தனர். பலவேசத்தின் வழிவந்தவர்கள் அடுத்து இருந்தனர். அவர்களுக்கும் அப்பால் சடைச்சியின் வழியில் எஞ்சியிருந்த ஒரே ஒருத்தி, பேச்சிமுத்து என்னும் மீன்காரி, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். மாசானம் கூட்டத்தின் நடுவே நின்றான். குடத்தின் பின்னே அரண்மனை மாணவன் ஒருவன் இருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அவைப்பெரியோர் ஆமா போட அணிவகுத்து அமர்ந்தனர். உலகம்மைக்கு ஆசான் என்று தனி இருக்கை இட்டிருந்தார்கள்.

நயினான் கணீரென்று தொடங்கினான். வெயிலுவந்தானின் கையைக் கும்பிட்டான், "ஆமா!" என்றது கரை. பலவேசத்தின் தோளைக் கும்பிட்டான்; "ஆமா!" என்றது கரை. அடுத்த அடிக்காகப் பேச்சிமுத்து முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குளம்தந்த தென்னவராயர் முடியைக் கும்பிட்டோம்" என்று நயினான் பாடினான்.

"ஆமா!" என்று அவைப்பெரியோர் முழங்கினர். ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்தனர். அரசர் எதிரே இருக்கிறார். வேலேந்திய காவலர் பின்னே இருக்கிறார்கள். ஒருவர் மெல்ல, "ஆமா" என்றார். இன்னொருவர், "ஆமா" என்றார். பேச்சிமுத்து அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கூடையின் விளிம்பைப் பிடித்தபடி, அவளும் சொன்னாள்: "ஆமா."

அந்தச் சிறு குரல் உலகம்மையின் காதில் விழுந்தது. தன் குலத்தாயின் பெயர் அழிந்ததற்குப் பேச்சிமுத்துவே ஆமா போட்டதை உலகம்மை கண்டாள். தம்பியைத் தேடினாள். மாசானம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் ஆமா போடவில்லை. அப்படியா என்றும் கேட்கவில்லை. குடத்தருகே இல்லாதவனுக்கு அந்த உரிமை இல்லை. கல்தச்சன் முதல் எழுத்துக்கு உளியை வைத்தான்.

உலகம்மை எழுந்தாள். ஆசானின் இருக்கையை விட்டு இறங்கினாள். குடத்தின் பின்னே இருந்த மாணவனின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கப்பா" என்றாள். அவன் எழ, அந்த இடத்தில் அவள் அமர்ந்தாள். குடத்தை ஒருமுறை ஓங்கித் தட்டினாள்.

"அப்படியா?" என்றாள்.

நயினானின் கோல் நாணின்மேல் நின்றுவிட்டது. "அம்மா, நீங்கள் சொல்லித்தந்ததுதானே?"

"நான் சொல்லித்தந்ததுதான் தம்பி. அதனாலதான் நான் கேக்கேன். அப்படியா?"

அமைச்சர் சினந்து எழுந்தார். "அரசர் பெயரையா ஐயுறுகிறாய்? இத்தனை பெரியோர் ஆமா என்று ஏற்ற அடி அல்லவா அது?"

உலகம்மை அரசனைக் கும்பிட்டாள். "அரசே, ஒரு மூணு அடி பாட உத்தரவு கொடுங்க. அதுக்குப் பிறகு என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றாள். அரசன் கையசைத்தான். நயினானிடமிருந்து கோல்களை வாங்கி, அதே மெட்டில் எடுத்தாள்:

"காட்டுமரத்தில் கூடுகட்டும் காக்கை வெள்ளையாம்."

"ஆமா!" என்றனர் அவைப்பெரியோர். பழக்கம் அப்படி. அரசன் சிரித்தான்.

"குளத்துமீனு பனையிலேறிக் கள்ளு குடிக்குமாம்."

"ஆமா!" என்றனர். ஊரார் வாயைப் பொத்திக்கொண்டனர். மாசானத்தால் பொத்த முடியவில்லை. அரசனும் சிரித்தான், ஆனால் பாதியில் நிறுத்தினான்.

"தன்தாத்தன் பிறக்குமுன்னே அரசர் குளத்தை வெட்டினாராம்."

"ஆமா!" என்றனர். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் அமைச்சர்.

இந்தமுறை அரசன் சிரிக்கவில்லை. குளத்து நீரைப் பார்த்தான். அவன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே இந்தக் குளத்தில் எருமைகள் குளித்தன என்பது அவனுக்குத் தெரியும். பிறகு திரும்பி, "தச்சரே, உளியைக் கீழே வையும்" என்றான்.

உலகம்மையிடம் கேட்டான்: "அந்த இடத்தில் யாருடைய பெயர் இருந்தது, அம்மா?"

"அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை அரசே" என்று அவள் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். "தாயீ, எந்திரிம்மா. உன் பாட்டியோட பாட்டி பேரைச் சொல்லு. நான் உன்னை ஆமா போட வச்சுட்டேன். அது என் தப்பு."

பேச்சிமுத்து எழுந்தாள். உப்பு படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சடைச்சி" என்றாள். "கஞ்சி கொண்டாந்தவ."

"என்னையும் அந்த வரியில் நிறுத்த வேண்டும் என்று எப்படித் தோன்றியது?" என்று அரசன் உலகம்மையைக் கேட்டான். குரலில் சினம் இல்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நெஞ்சு முட்டிருச்சு அரசே. அது பொய் இல்லை. ஆனா எங்க பாட்டுல நன்றி சொல்ல வேற இடம் இருக்கு. கடைசியில வாழி பாடுவோம். இருக்கிற மகராசன்மாருக்கு எல்லாம் அங்கதான் இடம்."

"அப்படியானால் வாழியில் என்னை எதற்காகப் பாடுவீர்கள்? நான்தான் இந்தக் குளத்துக்கு ஒன்றுமே செய்யவில்லையே?"

கூட்டத்திலிருந்து மாசானம் குரல் கொடுத்தான்: "போன மழைக்கு வடக்கு மதகு இடிஞ்சு கிடக்கு அரசே. மனசு வச்சா வாழியில ஒரு அடி நிச்சயம். மெட்டு கூட நல்லா அமையும்."

காவலர் அவனைப் பிடிக்க நகர்ந்தனர். அரசன் தடுத்தான், வயிறு குலுங்கச் சிரித்தான். "இவரைத்தானே பட்டு போர்த்தி அனுப்பிவைத்தோம்? குடத்தருகே உட்காரச் சொல்லுங்கள்."

மாசானம் வந்தான். அக்காளின் அருகே அமரும்போது, "அரண்மனைச் சோறு உன் நாக்கைத் தடிக்க வச்சுருச்சுக்கா" என்று முணுமுணுத்தான். உலகம்மை அழுதுகொண்டே சிரித்தாள். அவன் முன்னே கையைக் குவித்தாள். ஊரார் முன்னிலையில் அக்காள் தம்பியைக் கும்பிடுவது வழக்கமில்லை. அவன் பதறி, "ஏக்கா, என்ன இது, கையை எடு!" என்றான். "இத்தனை வருசமா நீ கேட்டதுக்குடா" என்றாள் அவள்.

பிறகு அவள் நயினானையே பாடச் செய்தாள். அவன் பாடினான், மாசானம் கேட்டான். ஓரிடத்தில் நயினான் சற்றே தடுமாற, "அப்படியா?" என்ற கேள்வி வந்தது. நயினான் கூசவில்லை, நின்று, நினைத்து, திருத்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்தார்கள். சடைச்சியின் கால் வந்தபோது வெண்கரைக்குளத்தின் கரைமுழுதும் ஆமா போட்டது. அந்தக் குரல்களுக்கெல்லாம் முன்னே பேச்சிமுத்துவின் குரல் கேட்டது. அரசனும் ஆமா போட்டான் என்று அருகிலிருந்தவர்கள் சொல்வார்கள்.

அரசன் அந்தக் கல்லில் எதையும் வெட்டுவிக்கவில்லை. துணி துவைக்கட்டும் என்று அதைப் படித்துறையில் இறக்கச் சொன்னான். மதகைக் கட்டிக்கொடுத்தான். கலைமண்டபத்திலும் ஒழுங்கு மாறியது: வில்லைத் தொட வருபவர் யாராயினும் முதலில் குடத்தின் பின்னே அமர்ந்து, பிறர் பாடுவதைக் கேட்கவும், தவறு கண்டால் நிறுத்தவும் பழக வேண்டும். அந்த மண்டபத்திலிருந்து நயினானும் அவன் தோழரும் ஊர்ஊராகப் போனார்கள். போன ஊரின் பாட்டை அவ்வூராரிடமே கற்று, அவ்வூராரையே குடத்தருகே அமர்த்திப் பாடினார்கள். அரசவையிலும் ஓர் இருக்கை புதிதாக இடப்பட்டது. அதில் அமர்பவருக்கு ஒரே ஒரு வேலை. அது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். அமைச்சருக்குத்தான் அந்த இருக்கையின் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த மழைக்குக் குளம் நிறைந்தபோது, பாட்டின் முடிவில் உலகம்மை வாழி பாடினாள். கேட்டிருக்கும் ஊர் வாழி, கற்றுவந்த பிள்ளைகள் வாழி, உளியைக் கீழே வைக்கச் சொன்ன அரசர் வாழி என்று பாடினாள். மாசானம் குடத்தைத் தட்டி, மூன்றுக்கும் தயங்காமல், "ஆமா!" என்றான்.

ஆகவே, கேட்டிருந்த நல்லோரே, ஒரு கலையைக் காக்க விரும்புவோர் அதைப் பாடுவோரைப் போற்றுவதோடு நில்லாமல், பிழை கண்ட இடத்தில் நிறுத்திக் கேட்போரையும் நன்றியோடு பக்கத்தில் அமர்த்திக்கொள்ள வேண்டும்.